மே விடுமுறையில் நார்தம்பர்லாந்து: ஒரே வீடா, இரண்டு இடமா?

ரெடிங் ராகவி | மார்ச் 4

எல்லோருக்கும் வணக்கம். மே கடைசி வாரப் பள்ளி விடுமுறைக்கு இங்கிலாந்தின் வடகோடியில் இருக்கும் நார்தம்பர்லாந்து போவதென்று வீட்டில் முடிவாகிவிட்டது. முடிவு செய்தவன் என் மகன். பதினொரு வயது, ரோமானியர் பைத்தியம். ஹேட்ரியன் சுவரைக் கையால் தொட்டுப் பார்த்தே ஆக வேண்டுமாம். ஏழு வயது மகளுக்குப் பஃபின் பறவை. சென்னையிலிருந்து மாமியார் வந்திருப்பார். எழுபத்திரண்டு வயது, முழங்கால் வலி, சுத்த சைவம். கணவருக்கு எங்கே போனாலும் சரிதான், கார் ஓட்டும் நேரம் மட்டும் குறைவாக இருக்க வேண்டும்.

சனி முதல் சனி வரை ஒரு வாரம். ஒரே வீட்டை வாடகைக்கு எடுத்து அங்கிருந்தே எல்லா இடத்துக்கும் போய்வருவதா, கடற்கரையில் பாதி நாள், சுவர்ப் பக்கம் பாதி நாள் என்று பிரித்துக்கொள்வதா? அல்ன்விக் என்ற ஊரில் வீடுகள் நிறையத் தென்படுகின்றன. அது வசதியான இடமா?

டைன்கரை | மார்ச் 4

நியூகாசிலில் பதினான்கு ஆண்டுகளாக இருக்கிறேன். முதலில் ஊர்ப் பெயரைச் சரிசெய்துவிடுவோம். எழுத்தில் எப்படி இருந்தாலும் அது ‘ஆனிக்’. அல்ன்விக் என்று வழி கேட்டால் ஒரு புன்னகையோடுதான் பதில் வரும்.

பிரித்துக்கொள்ளுங்கள் என்பதே என் பதில். வரைபடத்தில் ஒரே மாவட்டமாகத் தெரிந்தாலும் கடற்கரையும் சுவர்ப் பக்கமும் இரண்டு வெவ்வேறு நாடுகள் மாதிரி. ஆனிக்கிலிருந்து சீஹவுசஸ் படகுத்துறைக்குப் பதினைந்து மைல், ஹோலி தீவுக்கு முப்பது மைல் அளவு. ஆனால் சுவரின் நல்ல பகுதியான ஹவுஸ்டெட்ஸ் கோட்டைக்கு ஐம்பது மைலுக்கு மேல், அதுவும் வளைந்து நெளியும் சாலையில். ஒரே நாளில் போய்வரலாம். திரும்பும் வழியில் உங்கள் கணவர் ஒரு வார்த்தை பேசமாட்டார்.

கடற்கரையில் நான்கு இரவு, ஹெக்சம் அல்லது ஹால்ட்விசில் பக்கம் மூன்று இரவு. இதுதான் என் கணக்கு.

இன்னொன்று, எதையும் பதிவு செய்வதற்கு முன் அந்த வாரத்தின் அலை அட்டவணையை எடுத்து மேசைமேல் வையுங்கள். ஹோலி தீவுக்குப் போகும் சாலை ஒரு நாளில் இரண்டு முறை கடலுக்குள் போய்விடும். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஐந்து மணி நேரம். கடக்கத் தகுந்த நேரங்களை மாவட்ட நிர்வாகம் முன்கூட்டியே வெளியிடுகிறது. உங்கள் பயணத் திட்டத்தை எழுதப் போவது நீங்கள் அல்ல, சந்திரன்.

கொக்குவிலான் | மார்ச் 5

தம்பி டைன்கரை தனி ஆளாகச் சுற்றிய காலத்தை வைத்து ஆலோசனை சொல்கிறார் என்று நினைக்கிறேன். நாங்கள் அம்மம்மாவோடும் மூன்று பிள்ளைகளோடும் போனோம். நடுவில் இடம் மாறினால் ஒரு முழு நாள் போய்விடும். காலை பத்து மணிக்கு ஒரு வீட்டைக் காலி செய்ய வேண்டும், அடுத்த வீட்டுக் கதவு மாலை நான்கு மணிக்குத்தான் திறக்கும். இடைப்பட்ட ஆறு மணி நேரமும் அரிசிப் பையும் பிரஷர் குக்கரும் காருக்குள் உங்களோடு சுற்றுலா பார்க்கும்.

தவிர, பள்ளி விடுமுறை வாரத்தில் நல்ல வீடுகளை வாரக் கணக்கில்தான் தருவார்கள். வெள்ளி முதல் வெள்ளி, அல்லது சனி முதல் சனி. நான்கு இரவு, மூன்று இரவு என்று கேட்டால் மிச்சமிருக்கும் வீடுதான் கிடைக்கும்.

தங்கச்சி, ஒரே வீடு எடுங்கள். கீழ்த்தளத்தில் ஒரு படுக்கையறையும் குளியலறையும் உள்ள வீடாகப் பாருங்கள். அந்தப் பக்கத்துப் பழைய கல் வீடுகளின் மாடிப்படி ஏணி மாதிரி செங்குத்தாக இருக்கும். விளம்பரப் படத்தில் வடிவாகத் தெரியும், முழங்காலுக்குத்தான் அதன் அருமை புரியும்.

சமையலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தாளிப்பதற்கு முன் ஜன்னலைத் திறந்து, சமையலறைக் கதவைச் சாத்திவிடுங்கள். நாங்கள் போன முதல் இரவு கடுகும் செத்தல் மிளகாயும் சட்டியில் விழுந்த அடுத்த நொடி புகை எச்சரிக்கை மணி அலறத் தொடங்கியது. பக்கத்துப் பண்ணைக்காரர் நாயோடு ஓடிவந்து விட்டார். அவருக்கும் ஒரு கோப்பை ரசம் கொடுத்துத்தான் அனுப்பினோம்.

கால்நடை | மார்ச் 5

நான் கார் இல்லாத ஆள், பெயரைப் பார்த்தாலே தெரியும். (மாடு இல்லை. நடப்பவன்.) ராகவிக்கு இது பொருந்தாது, பின்னால் வருபவர்களுக்காக எழுதிவைக்கிறேன்.

லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து நியூகாசிலுக்கு ரயிலில் மூன்று மணி நேரம். அதே பாதையில் இன்னும் வடக்கே ஆலன்மவுத், பெரிக். ஆலன்மவுத் நிலையம்தான் ஆனிக்குக்கு வாசல். கடற்கரை ஊர்களைக் கோத்துக்கொண்டு போகும் பஸ் எண் எக்ஸ்18. நியூகாசில், ஆனிக், சீஹவுசஸ், பாம்பரோ வழியாகப் பெரிக் வரை. 2025 தொடக்கத்திலிருந்து இங்கிலாந்தில் பெரும்பாலான பஸ்களில் ஒரு வழிக் கட்டணத்துக்கு 3 பவுண்டு உச்சவரம்பு இருக்கிறது. அந்தப் பணத்துக்கு மேல்தளத்து முன் இருக்கையில் உட்கார்ந்து, வேலிகளுக்கு மேலே கோட்டையும் கடலும் மாறிமாறி வருவதைப் பார்க்கலாம். கார்க்காரர்களுக்குத் தெரிவதெல்லாம் வேலிதான்.

சுவர்ப் பக்கம் ஓடும் பஸ்ஸின் எண் ஏடி122. சுவர் கட்டத் தொடங்கிய ஆண்டையே எண்ணாக வைத்திருக்கிறார்கள். ஹெக்சம், ஹால்ட்விசில் ரயில் நிலையங்களை இணைத்து, நடுவில் செஸ்டர்ஸ், ஹவுஸ்டெட்ஸ், விண்டோலாண்டா என்று நின்று போகும். கோடையில் மட்டும் முழுமையாக ஓடும் என்பதால் நேரத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

தாரகை | மார்ச் 6

பஃபின் என்றதும் எட்டிப்பார்த்தேன். மே கடைசி சரியான நேரம். ஏப்ரலில் வந்து வளைக்குள் முட்டையிட்டு, ஜூலை முடிவதற்குள் கடலுக்குப் போய்விடும். ஆகஸ்டில் போய்விட்டுப் பறவையே இல்லை என்று குறைசொல்பவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

சீஹவுசஸிலிருந்து ஃபார்ன் தீவுகளுக்குப் படகு. தீவுகளைச் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பும் பயணம் ஒன்று, இன்னர் ஃபார்ன் தீவில் இறக்கிவிடும் பயணம் ஒன்று. மகளுக்காகப் போகிறீர்கள் என்றால் இறங்கும் பயணமே எடுங்கள். பறவைக் காய்ச்சல் காரணமாக 2022 ஜூலையிலிருந்து 2023 முடியும் வரை யாரையும் இறங்கவிடவில்லை. 2024இல்தான் இன்னர் ஃபார்ன் மீண்டும் திறந்தது. படகுக் கட்டணம் வேறு, தீவில் இறங்க, பழைய மாளிகைகளையும் இயற்கை இடங்களையும் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை வாங்கும் கட்டணம் வேறு. டிரஸ்ட் உறுப்பினர்களுக்கு இரண்டாவது இல்லை.

தொப்பி கட்டாயம், எல்லோருக்கும். வெயிலுக்காகச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் ஆர்க்டிக் ஆலாக்கள் நடைபாதை ஓரத்திலேயே முட்டையிட்டிருக்கும். நீங்கள் கடந்து போகும்போது தலைக்கு மேல் நேராக இறங்கிக் கொத்தும், எச்சமும் இடும். அண்டார்க்டிக்கா பக்கம் வரை போய்த் திரும்பி வந்த பறவை, அதன் வீட்டு வாசலில் நாம் நிற்கிறோம். கோபம் நியாயம்தான்.

மாமியாரைப் படகில் ஏற்றுவதைப் பற்றி நன்றாக யோசியுங்கள். துறையிலும் தீவிலும் படிகள் ஈரமாக இருக்கும், படகு ஆடும். அவரைப் பாம்பரோவில் விட்டுவிடலாம். அங்கே கிரேஸ் டார்லிங் அருங்காட்சியகம் சின்னது, இலவசம், உட்கார்ந்து பார்க்கலாம். 1838 செப்டம்பரில் ஃபார்ஃபர்ஷயர் என்ற நீராவிக் கப்பல் இந்தத் தீவுகளின் பாறையில் மோதி உடைந்தபோது, லாங்ஸ்டோன் கலங்கரை விளக்கக் காவலரின் மகள் கிரேஸ் அப்பாவோடு துடுப்புப் படகில் போய் உயிர்களைக் காப்பாற்றினாள். வயது இருபத்திரண்டு. நான்கே ஆண்டுகளில் இறந்தும் போனாள். பெண் குழந்தையோடு போகிறவர்கள் இந்தக் கதையைச் சொல்லாமல் வரக் கூடாது.

கடல் பொங்கினால் படகு கிடையாது. ஆகவே வாரத்தின் தொடக்கத்திலேயே பதிவு செய்யுங்கள். ரத்தானால் இன்னொரு நாள் கையில் இருக்கும்.

ரெடிங் ராகவி | மார்ச் 6

மிக்க நன்றி. டைன்கரை சொன்னதைப் படித்து ‘பிரிப்போம்’ என்று முடிவெடுத்தேன், கொக்குவிலான் அண்ணா சொன்னதைப் படித்து ‘ஒரே வீடு’ என்று முடிவெடுத்தேன். இப்போது எனக்கு முடிவே இல்லை. கணவர், “ஏரிகள் நிறைந்த லேக் டிஸ்ட்ரிக்ட் போய்விடலாமே” என்று ஆரம்பித்துவிட்டார்.

டைன்கரை | மார்ச் 6

லேக் டிஸ்ட்ரிக்டா? அதே வாரத்தில் விண்டர்மியரில் வண்டி நிறுத்த இடம் தேடிக்கொண்டிருக்கும்போது என்னை நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பழஞ்சுவடி | மார்ச் 7

சுவரைப் பற்றி யாரும் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, பையனுக்காக நான் சொல்கிறேன்.

கி.பி. 122இல் தொடங்கிய சுவர். கிழக்கே வால்ஸெண்ட், மேற்கே பௌனஸ், நடுவில் 73 மைல். முழுச் சுவரும் எங்கும் நிற்கவில்லை. கிழக்குப் பாதியில் பெரும்பகுதி மேலே சாலையாகக் கிடக்கிறது. பழைய அரச வம்சத்தை மீண்டும் அரியணை ஏற்றக் கிளம்பிய 1745 ஜாக்கபைட் கிளர்ச்சிக்குப் பிறகு படைகள் விரைவாகக் கடக்க வேண்டும் என்று சுவர்க் கற்களை உடைத்துப் பரப்பிச் சாலை போட்டார்கள். இன்றைக்கும் அதற்கு மிலிட்டரி ரோடு என்றுதான் பெயர். நீங்கள் காரில் சுவரின்மேல்தான் போய்க்கொண்டிருப்பீர்கள், இதைச் சொல்லுங்கள், பையன் குதிப்பான்.

கோட்டைகளில் மூன்றைச் சொல்கிறேன். ஹவுஸ்டெட்ஸ் மலைமுகட்டில் இருக்கிறது. வண்டி நிறுத்தத்திலிருந்து அரை மைல் மேட்டில் ஏற வேண்டும். படைவீரர்களின் பொதுக் கழிப்பறை அப்படியே இருக்கிறது, தண்ணீர் ஓடிய கால்வாயோடு. குழந்தைகள் வேறு எதையும் நினைவில் வைத்துக்கொள்ளமாட்டார்கள். முழங்கால் வலிக்காரருக்குச் செஸ்டர்ஸ். சமதரை, மரநிழல், வடக்கு டைன் ஆற்றங்கரையில் குதிரைப்படையின் குளியல் கட்டடம். ஸ்பெயினின் அஸ்டூரியாஸ் பகுதிப் பெயரைத் தாங்கிய படை அங்கே இருந்தது.

மூன்றாவது விண்டோலாண்டா. ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் என்றால் அங்கே போங்கள். காற்றுப் புகாத ஈரமண்ணில் தோல் செருப்புகளும் மரப்பலகைகளும் அழியாமல் கிடந்தன. 1973இல் கிடைக்கத் தொடங்கிய மெல்லிய மரப்பலகைக் கடிதங்கள்தான் இதன் புகழ். ஓர் அதிகாரியின் மனைவி கிளாடியா செவெரா தன் பிறந்தநாளுக்குத் தோழியை அழைத்து எழுதியது, காலுறையும் உள்ளாடையும் அனுப்பியிருக்கிறேன் என்று யாரோ ஒரு வீரனுக்கு எழுதியது, ஆட்களுக்குப் பீர் தீர்ந்துவிட்டது, அனுப்பச் சொல்லுங்கள் என்று ஒரு படைத்தலைவன் எழுதியது. பெரும்பாலான பலகைகள் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன, சில மட்டும் அங்கே காட்சிக்கு உண்டு. கோடையில் அகழாய்வு நடந்துகொண்டிருக்கும், குழிக்குப் பக்கத்தில் நின்று கேள்வி கேட்கலாம்.

நம்மைப் போல் ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் பார்க்க வேண்டியது இன்னொன்று, டைன் ஆற்று முகத்தில், சவுத் ஷீல்ட்ஸில். சிரியாவின் பல்மைராவிலிருந்து வந்த பராட்டஸ் என்பவன், இறந்துபோன தன் பிரித்தானிய மனைவி ரெஜினாவுக்கு வைத்த கல்லறைக்கல். மேலே முறைப்படி லத்தீன். அடியில் ஒரே வரி அவனுடைய சொந்த மொழியில், சொந்த எழுத்தில்: பராட்டஸ் விடுதலை செய்த ரெஜினா, ஐயோ. அந்த ஊரில் அதை வாசிக்க எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

கொக்குவிலான் | மார்ச் 7

அந்தக் கடைசிப் பந்தியை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அடுத்த முறை சவுத் ஷீல்ட்ஸ் போகிறோம்.

கால்நடை | மார்ச் 8

இரண்டு தரப்புக்கும் நடுவில் ஒரு வழி சொல்கிறேன். ஆனிக் பக்கம் ஒரு வாரத்துக்கு ஒரே வீடு எடுங்கள். நடுவில் ஒரே ஒரு இரவு மட்டும் ஒரு சிறு பையோடு சுவர்ப் பக்கம் போய்த் தங்கிவிட்டு வாருங்கள். அரிசி, குக்கர், மாமியாரின் டிக்காஷன் ஃபில்டர் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். வாடகை கொடுத்த வீட்டை ஓரிரவு பூட்டிவைப்பது வீண் என்று தோன்றும். நூறு மைலை ஒரே நாளில் ஓட்டுவதற்கு இது மேல்.

தங்க இடமும் இருக்கிறது. சுவருக்கு அரை மைல் தெற்கே ‘தி சில்’ என்ற புதிய கட்டடம், 2017இல் திறந்தது. ஒரு பக்கம் பார்வையாளர் மையம், இன்னொரு பக்கம் இளைஞர் விடுதி. இளைஞர் விடுதி என்ற பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம், குடும்ப அறை உண்டு, வயது வரம்பு இல்லை, பொதுச் சமையலறையும் உண்டு. கூரைமேல் புல் வளர்த்திருக்கிறார்கள், அதில் நடந்துபோய் முகட்டைப் பார்க்கலாம். அங்கிருந்து ஸ்டீல் ரிக் வரை ஏறி, கிழக்கே சுவரோடு நடந்தால் சிகமோர் கேப். சுவரோரப் பள்ளத்தில் தனியே நின்ற அந்தப் புகழ்பெற்ற சிகமோர் மரம் இப்போது இல்லை, தெரியும்தானே. 2023 செப்டம்பரில் ஓர் இரவில் இரண்டு பேர் அறுத்துத் தள்ளினார்கள். 2025இல் சிறைக்குப் போனார்கள். அடிமரத்திலிருந்து துளிர் வந்திருக்கிறது. நான் போனபோது அங்கே யாரும் படம் எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றார்கள், போனார்கள்.

பழஞ்சுவடி | மார்ச் 8

கால்நடையின் யோசனை பிரமாதம். கூடவே ஒன்று. ஆனிக்கிலிருந்து சுவருக்கு நெடுஞ்சாலையில் போகாதீர்கள். ராத்பரி வழியாக உள்நாட்டுச் சாலையில் போங்கள். வழியில் கேம்போ என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் வாலிங்டன் மாளிகை. உங்கள் மாமியார் சென்னைக்காரர் என்றால் இது அவருக்கான இடம்.

1859இல் சென்னை மாகாண ஆளுநராக வந்து, அடுத்த ஆண்டே திருப்பி அழைக்கப்பட்ட சார்லஸ் ட்ரெவெல்யனின் குடும்ப வீடு அது. புதிய வருமான வரித் திட்டத்தைப் பகிரங்கமாக எதிர்த்ததால் பதவி போனது. அதற்குள் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பீப்பிள்ஸ் பார்க் அமைத்துவிட்டார். மிருகக்காட்சிசாலை வண்டலூருக்கு மாறும் வரை அங்கேதான் இருந்தது.

மாளிகையின் நடுக்கூடத்தில் வில்லியம் பெல் ஸ்காட் தீட்டிய சுவரோவியங்களில் ரோமானியச் சுவர் கட்டும் காட்சி இருக்கிறது, ஃபார்ன் தீவில் கத்பர்ட் துறவி இருக்கிறார், கிரேஸ் டார்லிங் படகில் இருக்கிறாள். நீங்கள் அந்த வாரம் பார்க்கப்போகும் எல்லாமே ஒரே அறையில். மாடி ஏற வேண்டியதில்லை.

தாரகை | மார்ச் 8

அயர்லாந்துப் பஞ்சத்தில் நிவாரணத்தை இறுக்கிப் பிடித்த அதே ட்ரெவெல்யனா? ஐரிஷ் நண்பர்களிடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். பூங்கா அமைத்தார் என்று புகழ்ந்து மாமியாரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டுமா?

பழஞ்சுவடி | மார்ச் 9

அதே ட்ரெவெல்யன்தான். மறைக்கவில்லை, புகழவும் இல்லை. 1840களில் லண்டன் கருவூலத்தில் உட்கார்ந்து அயர்லாந்தின் பட்டினிக்குக் கணக்குப் பார்த்தவரும், சென்னையில் பூங்கா போட்டவரும் ஒரே ஆள். அந்த வீட்டையே அவருடைய பேரன், தொழிற்கட்சி அமைச்சராக இருந்தவர், 1941இல் நேஷனல் டிரஸ்டுக்குக் கொடுத்துவிட்டார். இத்தனையும் தெரிந்துகொண்டு போய்ப் பார்ப்பதில் என்ன தவறு? தோட்டப் புல்வெளியில் நான்கு கல் டிராகன் தலைகள் தரையிலிருந்து முளைத்தது போல் இருக்கின்றன. ஏழு வயதுக்கு அது போதும்.

டைன்கரை | மார்ச் 9

சண்டை வேண்டாம், பணக் கணக்குக்கு வருவோம். இதைச் சரியாகப் பிடித்தால் நல்ல மிச்சம். வாலிங்டன், ராத்பரி பக்கத்து கிராக்ஸைட் மாளிகை, ஹோலி தீவுக் கோட்டை, ஃபார்ன் இறங்கும் கட்டணம் எல்லாம் நேஷனல் டிரஸ்ட். செஸ்டர்ஸ், ஹோலி தீவு மடாலய இடிபாடு இரண்டும் இங்கிலிஷ் ஹெரிடேஜ் என்ற இன்னொரு பாதுகாப்பு அமைப்பு. ஹவுஸ்டெட்ஸிலும் டன்ஸ்டன்பரோ கோட்டையிலும் இரண்டில் எந்த அட்டை இருந்தாலும் விடுவார்கள். விண்டோலாண்டா, பாம்பரோ கோட்டை, ஆனிக் கோட்டை தனித்தனிச் சீட்டு. உங்களைப் போல் குடும்பமாகப் போகிறவர்களுக்கு டிரஸ்ட் உறுப்பினர் அட்டைக்குக் கொடுக்கும் பணம் ஒரே வாரத்தில் பெருமளவு திரும்பி வந்துவிடும்.

மாமியாருக்கு ஒரு முக்கியச் செய்தி. வட இங்கிலாந்தின் பல மீன் கடைகளில் சிப்ஸை மாட்டுக் கொழுப்பில் பொரிப்பார்கள். உருளைக்கிழங்குதானே என்று வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், எந்த எண்ணெய் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். மளிகைக்கு நியூகாசிலில் வெஸ்ட் ரோடு பக்கம் தென்னாசியக் கடைகள் இருக்கின்றன. அதற்கு வடக்கே கறிவேப்பிலையை மறந்துவிட வேண்டியதுதான்.

ஆனிக்கில் மழை வந்தால் பழைய ரயில் நிலையத்துக்குள் இருக்கும் பார்ட்டர் புக்ஸ் என்ற பழைய புத்தகக் கடைக்குப் போங்கள். உள்ளே கணப்பு எரியும், அலமாரிகளுக்கு மேலே பொம்மை ரயில் ஓடும். மழை வரும்.

கீல்டர் விண்மீன் கூடத்துக்குப் போகலாமா என்று யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: மே கடைசியில் வேண்டாம். இந்த அட்சரேகையில் அப்போது முழு இருட்டே வராது. குளிர்காலத்தில் வாருங்கள்.

ரெடிங் ராகவி | மார்ச் 11

பதிவு செய்துவிட்டேன்! ஆனிக்குக்கு வெளியே பண்ணை வீடு, கீழ்த்தளத்தில் படுக்கையறை. புதன் இரவு மட்டும் தி சில் விடுதி. அலை அட்டவணையும் பார்த்தாயிற்று. திங்கள்கிழமை தீவுச் சாலை மதியம் பன்னிரண்டரைக்கு மூடி, மாலை ஐந்தே முக்காலுக்குத்தான் திறக்கிறது. அன்றைக்குப் போகாமல் விட்டுவிடட்டுமா?

டைன்கரை | மார்ச் 11

அன்றைக்கே போங்கள். காலை பதினொன்றுக்குள் உள்ளே போய்விடுங்கள், சாலை மூடட்டும். அடுத்த ஐந்து மணி நேரம் அது உண்மையாகவே தீவு. அவசரக்காரர்கள் எல்லோரும் பன்னிரண்டு மணிக்கே ஓடிவிடுவார்கள். 635இல் ஏய்டன் துறவி மடாலயம் அமைத்த இடம், 793இல் வைக்கிங்குகள் வந்து சூறையாடிய இடம். எழுநூறாம் ஆண்டையொட்டி அங்கே எழுதி வண்ணம் தீட்டிய நற்செய்தி ஏடு இப்போது லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. கோட்டையைக் குடியிருக்கும் வீடாக மாற்றியவர் எட்வின் லட்யன்ஸ், பின்னாளில் புது தில்லியைக் கட்டியவர்தான். அங்கே ஏற்றம் உண்டு, மாமியார் வேண்டாம். கீழே கவிழ்த்துவைத்த பழைய படகுகளைக் கொட்டகையாக்கியிருக்கிறார்கள், அதுவரை சமதரை.

திரும்பும்போது அட்டவணை சொல்லும் நேரத்துக்கு முன்னால் சக்கரத்தை நனைக்காதீர்கள். சாலை நடுவில் தூண்களின்மேல் ஒரு வெள்ளைக் குடில் நிற்கும். தண்ணீரில் மாட்டிக்கொண்டவர்கள் ஏறிக்கொள்வதற்கு. ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஏறுகிறார்கள்.

ரெடிங் ராகவி | ஜூன் 3

திரும்பிவிட்டோம். கடன்பட்ட மாதிரி இருக்கிறது, எழுதிவிடுகிறேன்.

ஃபார்ன் படகு ஞாயிறன்று ரத்து. கடல்மேல் வெள்ளைப் பனிமூட்டம், துறையில் பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு மைல் உள்ளே தள்ளி வெயில் அடித்துக்கொண்டிருந்தது. தாரகை சொன்னபடி வாரத் தொடக்கத்தில் போட்டிருந்ததால் செவ்வாய்க்கு மாற்றித் தந்தார்கள். மகள் ஒரு பஃபினை எட்டடி தூரத்தில் பார்த்தாள். வாயில் மீசை போல் மீன்களை வரிசையாகக் கவ்விக்கொண்டு நின்றது. அவள் வாழ்க்கையில் முதன்முறையாகப் பத்து நிமிடம் பேசவில்லை.

தீவில் சாலை மூடியபின் தங்கியதுதான் வாரத்தின் சிறந்த நேரம். இரண்டு மணிக்குப் பிறகு தெருவில் ஆளே இல்லை. எங்கிருந்தோ யாரோ முனகிப் பாடுவது போல் கேட்டது. எதிர்த்திட்டில் சீல்கள் (கடல்நாய்கள்) என்று ஒரு பெரியவர் சொன்னார். மாமியார் மடாலயச் சுவரோரம் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, பிளாஸ்கில் கொண்டுபோன காபியைக் குடித்துக்கொண்டு, ஒரு மணி நேரம் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு தவறும் செய்தேன். புதன்கிழமை வாலிங்டன், செஸ்டர்ஸ், விண்டோலாண்டா மூன்றையும் அடுக்கினேன். செஸ்டர்ஸ் முடியும்போதே மணி நான்கு. விண்டோலாண்டாவை வியாழனுக்குத் தள்ளியதில் ஹவுஸ்டெட்ஸ் கழிப்பறை தவறிப்போனது. மகன் இன்னும் மன்னிக்கவில்லை. அகழாய்வுக் குழிக்குப் பக்கத்தில் நின்று முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டதை மட்டும் ஒத்துக்கொள்கிறான்.

வாலிங்டனைப் பற்றி. ட்ரெவெல்யனின் இரண்டு கதைகளையும் காரிலேயே மாமியாரிடம் சொல்லிவிட்டேன். நடுக்கூடத்தில் ஓவியங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு அங்கிருந்த தன்னார்வலப் பெண்மணியிடம், என்னை மொழிபெயர்க்கச் சொல்லாமல் தன் ஆங்கிலத்திலேயே, “இந்த வீட்டுக்காரர் போட்ட பூங்காவில்தான் நான் முதன்முதலில் புலியைப் பார்த்தேன். எங்கள் அப்பா தோளில் உட்கார்ந்து” என்றார். அந்தப் பெண்மணி நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். இருவரும் அரை மணி நேரம் பேசினார்கள். பட்டினியைப் பற்றியும் மாமியார்தான் எடுத்தார்.

கொக்குவிலான் அண்ணா, ஜன்னலைத் திறந்து, கதவைச் சாத்தித்தான் தாளித்தேன். இருந்தும் மணி அடித்தது. பண்ணைக்காரர் யாரும் வரவில்லை.

கொக்குவிலான் | ஜூன் 3

ரசம் வாசம் அவ்வளவு தூரம் போகவில்லைப் போலிருக்கிறது. அடுத்த முறை பூண்டு கூடப் போடுங்கள்.

தாரகை | ஜூன் 4

தொப்பி?

ரெடிங் ராகவி | ஜூன் 4

மூன்று முறை துவைத்தாயிற்று. கணவருடையது மட்டும் போகவில்லை.